கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே

இருபத்திரண்டு வருடமாக
சுல்மா எச்செவெரி கொண்டுவருவதற்கெல்லாம்
சட்டம் போடுகிறவன் நான்.
படம் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.
வரைந்தேனா? வெட்டினேன், ஒட்டினேன்.
பேச்சும் அதே மாதிரி,
வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

மொந்தெவிதேயோவில் ஞாயிறு என்றால் சந்தை.
தக்காளிக்கும் துருப்பிடித்த குழாய்களுக்கும் நடுவே
குந்தியிருப்பாள்,
அக்குளில் வெந்நீர்க் குடுவை,
கையில் மாத்தே நிரம்பிய சுரைக்குடுக்கை.
யாருடைய கல்யாணமோ, யாருடைய கடற்கரையோ,
பழைய புகைப்படங்களை எடைக்கு வாங்குவாள்.
முகங்கள் வேண்டாம்.
முகத்துக்குப் பின்னால் நின்ற வானம்,
திரைச்சீலையின் ஒரு மடிப்பு,
யாரோ தோளில் போட்ட கையின் முழங்கை மட்டும்.
வெட்டியெடுத்த முகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து
அடுத்த வாரம் கடைக்காரனிடமே கொடுத்துவிடுவாள்.
யாராவது தேடி வரலாம் என்பாள்.
இதுவரை ஒருவர் வந்தார். அவருக்கு வேண்டியது டப்பா.

அவள் இழுப்பறைகளில் நிறத்தின் பெயர் கிடையாது.
பிற்பகல் மூன்று மணி.
மழைக்குச் சற்று முன்.
பல் வைத்தியரிடம் காத்திருக்கையில்.
கடைசி இழுப்பறையில் எதுவும் எழுதவில்லை,
அதுதான் நிரம்பி மூட மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று
ஒரு பத்திரிகைப் பையன் கேட்டான்.
பேருந்து நிறுத்தத்துச் சுவரைக் காட்டினாள்.
ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் தடிக்கிறது அந்தச் சுவர்.
வேட்பாளரின் பல்வரிசை கிழிந்த இடத்தில்
போன தேர்தலின் காது,
அதற்கும் அடியில் சர்க்கஸ் குதிரையின் வால்.
பையன் சுவரைப் படம் எடுத்துக்கொண்டான்.
அவளை எடுக்க மறந்துவிட்டான்.

ஒட்டு உறவு இல்லாத இரண்டு துண்டுகளைப்
பசை போடாமல்
ஒரு கண்ணாடித் துண்டின் கீழ் மாதக்கணக்கில் வைத்திருப்பாள்.
சண்டை போடட்டும் என்பாள்.
ஓய்ந்த பிறகுதான் அடுப்பில் கோதுமைமாவு ஏறும்.
கடைப் பசை வாங்கு, பூச்சி வராது என்று
எத்தனை முறை சொன்னேன்.
ஒரு சிட்டிகை கிராம்புத்தூள் போடுவாள், அவ்வளவுதான்.
பிறகு அதன் வாசனை தலைவலி தருகிறதென்று
அதையும் விட்டாள்.

அந்த ஜூலையில், ஆற்றின் ஈரம் சுவர்வரை ஏறிய குளிரில்,
காட்சிக்கூடத்திலிருந்து ஒன்று திரும்பி வந்தது.
இராமபாணப் பூச்சி.
மூன்று மணி வானத்தில் பாதியைக் காணோம்.
பின்னட்டையைச் சரியாக ஒட்டாதவன் நான்தான்,
மூலையில் விரல் வைத்தாலே தெரிந்தது.
அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.
திட்டுவாள் என்று நின்றேன்.

உருப்பெருக்கியை வாங்கிக்கொண்டு
கடை மூடும்வரை பார்த்தாள்.
மாத்தே ஆறிப்போனது.
எழுபது வயதில் எனக்கு வராத வளைவு, நெல்சன்,
என் கத்தரிக்கோலை விற்றுவிடலாம் போல.
பிறகு, சாதாரணமாக:
இனிமேல் எல்லாவற்றிலும் ஒரு இடைவெளி விடு,
மூன்று மில்லிமீட்டர் போதும்.

முடியாது என்றேன்.
தொழில் என்று ஒன்று இருக்கிறது.
என் அட்டைக்குள் காற்றே போகக் கூடாது,
பூச்சி போகலாமா?
இரண்டு வாரம் பேசவில்லை அவள்.
பிறகு பதினொரு வேலைகளை மேசையில் வைத்துவிட்டு
உன் இஷ்டம் என்று போனாள்.

பத்தை மூடினேன், காற்றுப் புகாமல்.

பதினொன்றாவது கூலிக்குப் பதிலாக அவள் எனக்குத் தந்தது,
என் சமையலறையில் தொங்குகிறது.
அதன் கீழ்மூலையை மட்டும் ஒட்டவில்லை.
அவளிடம் சொல்லவும் இல்லை.
நேற்று விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன்,
யாரோ ஒருவரின் முழங்கைக்குச் சற்று மேலே
ஊசிமுனை அளவுக்கு
அட்டை தெரிகிறது.